இரண்டு என்.எஸ்.எக்ஸ் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஹோண்டாவைப் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். இன்றைய சூப்பர் கார்களைப் பார்த்தாலே எனக்குச் சலிப்புதான். முகம் முழுக்க ஓட்டைகள், உடம்பு முழுக்கக் கோடுகள், உள்ளே திரைகள். ஹோண்டா 1990இல் கொண்டுவந்த என்.எஸ்.எக்ஸ் சூப்பர் காரில் கம்ப்யூட்டர் கிடையாது, ஓட்டுபவர்தான் எல்லாம். 2016இல் அதே பெயரில் வந்த கார் யார் உட்கார்ந்தாலும் தானே ஓட்டிக்கொள்ளும். வடிவமைப்பாளர்களுக்கு ரசனை போய்விட்டது என்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டையும் நான் ஓட்டியதில்லை. ஓட்டியவர்கள் எழுதியதைப் படித்துத்தான் பேசுகிறேன், அதற்கேற்ற மதிப்பைக் கொடுங்கள்.

பழைய என்.எஸ்.எக்ஸில் கம்ப்யூட்டர் இல்லை என்பது சரியல்ல. பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இருந்தது, சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோலும் இருந்தது. கார் பிரியர்கள் இன்று திட்டித் தீர்க்கும் எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் (ஸ்டீயரிங்கைத் திருப்ப மின்மோட்டார் உதவுவது) அதன் ஆட்டோமேட்டிக் வகையில் அப்போதே வந்துவிட்டது. மேனுவல் கியர் வாங்கியவர்களுக்குத்தான் எந்த உதவியும் இல்லாத ஸ்டீயரிங். உடல் அலுமினியம், எஞ்சினுக்குள் இருக்கும் கனெக்டிங் ராடுகள் டைட்டானியம், நிமிடத்துக்கு 8,000 சுற்று வரை ஏறும் 3 லிட்டர், ஆறு சிலிண்டர் வி6 எஞ்சின். அன்றைய தேதியில் அதைவிட நவீனமான கார்கள் அபூர்வம்.

ஆனால் அந்த நவீனம் அனைத்தும் ஓட்டுநரின் இருக்கையிலிருந்து யோசிக்கப்பட்டது. எஃப்-16 போர் விமானத்தின் விமானி அறையைப் பார்த்து, ஓட்டுபவரை முன்னால் தள்ளி உட்காரவைத்தார்கள். பானட் தாழ்வு, கண்ணாடிகளுக்கு இடையே கூரையைத் தாங்கும் தூண்கள் மெலிவு, உட்கார்ந்த இடத்திலிருந்து 300 பாகைக்கு மேல் வெளியே தெரியும். முன் டயரின் அகலம் 205 மி.மீ. மட்டும். அந்த அகலம் இன்று குடும்பக் கார்களில் சர்வசாதாரணம். மெல்லிய டயர், உதவியில்லாத ஸ்டீயரிங், 1,400 கிலோவுக்கும் குறைவான எடை மூன்றும் சேரும்போது டயரின் பிடி தளரத் தொடங்குவது கைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். 1989இல் சுசூகா பந்தயத் தடத்தில் முன்மாதிரியை ஓட்டிப் பார்த்த ஃபார்முலா 1 வீரர் அயர்டன் சென்னா, காரின் உடல் இன்னும் உறுதியாக வேண்டும் என்று சொல்ல, ஹோண்டா திரும்பப் போய் இறுக்கியது. மெக்லாரன் எஃப்1 என்ற சூப்பர் காரை வடிவமைத்த கோர்டன் மர்ரே சொந்தமாக ஒரு என்.எஸ்.எக்ஸ் வைத்திருந்தார். தன் கார் சாலையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அதைத்தான் அளவுகோலாகக் கொண்டார்.

சரி, 2016க்கு வருவோம். இரட்டை டர்போ வி6, மூன்று மின்மோட்டார்கள், ஒன்பது கியர், 573 குதிரைத்திறன், 1,700 கிலோவுக்கு மேல் எடை. பின் டயர் 305 மி.மீ. எஞ்சின், டர்போ, மோட்டார், பேட்டரி என எல்லாமே சூடாகும், எல்லாவற்றுக்கும் காற்று வேண்டும். நீங்கள் ரசனைக்கேடு என்று சொல்லும் ஓட்டைகள் பலவும் மூக்குத் துவாரங்கள்தான். தாழ்வான பானட் போனதற்கும் வடிவமைப்பாளரைத் திட்டிப் பயனில்லை. பாதசாரி மோதினால் தலை இடிக்கும் இடத்துக்குக் கீழே இடைவெளி வேண்டும் என்ற விதிகள் நடுவில் வந்துவிட்டன. அத்தனைக்கும் நடுவே, முன் தூண்களை மெலிதாக வைப்பதற்காகவே தனியான உயர் உறுதி எஃகுக் குழாய்களைச் செய்தார்கள் ஹோண்டாக்காரர்கள். ரசனை போனவர்கள் இந்தப் பாடு படமாட்டார்கள்.

என் குறை வேறு. முன் சக்கரங்களுக்கு இடமும் வலமுமாக இரண்டு மோட்டார்கள். வளைவில் வெளிச்சக்கரத்தை ஒன்று தள்ளும், உள்சக்கரத்தை மற்றது பிடிக்கும். கார் அழகாகத் திரும்பிவிடும். முன்பு அந்த வேலையை ஓட்டுநர் செய்தார். பிரேக்கை எப்போது விடுவது, எவ்வளவு விடுவது என்று கற்றுக்கொண்டு செய்தார். போதாக்குறைக்கு புதிய காரில் டயர் பிடியின் எல்லை எவ்வளவோ தூரம் தள்ளிப் போய்விட்டது. பொதுச் சாலையில் அதை நெருங்கினால் லைசென்ஸ் போய்விடும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அந்தக் காரில் ஓட்டுபவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. பழையதில் அந்த வேகத்திலும் வேலை உண்டு.

அதற்காகப் பழையவை எல்லாம் ஓட்டுநரின் தோழர்கள் என்று கதை கட்ட வேண்டாம். எஞ்சின் பின்னால் இருக்கும் 1970களின் போர்ஷே 911 டர்போவில் வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவர்கள் பின்பக்கமாகச் சாலையை விட்டு வெளியேறியிருக்கிறார்கள்.

எனக்கு வருத்தம் விலையில்தான். மர்ரே 2020இல் அறிமுகப்படுத்திய டி.50 நீங்கள் கேட்பதெல்லாம் உள்ள கார்: 986 கிலோ, மேனுவல் கியர், 12,100 சுற்று வரை போகும் வி12. மொத்தம் 100 கார்கள், வரிக்கு முன்பே ஒவ்வொன்றும் 20 லட்சம் பவுண்டுக்கு மேல். பழைய என்.எஸ்.எக்ஸும் ஏழைகளின் கார் அல்ல, ஆனால் 15 வருடத்தில் சுமார் 18,000 விற்றது. புதியது மூவாயிரத்தைக்கூடத் தொடாமல் 2022இல் நின்றுவிட்டது.

வாங்குகிறவர்கள் முரண்டுபிடித்தால் நிறுவனங்கள் கேட்கவும் செய்கின்றன. போர்ஷே 2013இல் 911 ஜிடி3 என்ற வகையிலிருந்து மேனுவல் கியரை எடுத்துவிட்டது. ஒரே கூச்சல். 2016இல் மேனுவலோடு 911 ஆர் என்று 991 கார்கள் மட்டும் செய்தது. அவை கைமாறிய விலையைப் பார்த்துப் பலரும் வாயைப் பிளந்தார்கள். அடுத்த வருடமே ஜிடி3-க்கு மேனுவல் திரும்பி வந்தது, அதுவும் கூடுதல் விலை இல்லாமல்.