72 வயதில் நுரையீரல் ஆபரேஷன்: அப்பா தாங்குவாரா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அப்பா. வயது 72, பீடிப் பழக்கம் உண்டு. வலது நுரையீரலின் மேல் மடலில் சின்னப் புற்றுநோய்க் கட்டி. பரவவில்லை, எடுத்துவிடலாம் என்கிறார் கோயம்புத்தூர் டாக்டர். ஆனால் உடம்பு தாங்குமா என்று பார்க்க மூச்சு டெஸ்ட் எழுதியிருக்கிறார். வீட்டில் ஆக்சிமீட்டர் 92 காட்டுகிறது. இந்த வயதில் கத்தி வைக்கலாமா?

பதில்: வயதை மட்டும் காரணம் காட்டி ஆபரேஷனை மறுக்கக் கூடாது. மடலை எடுத்தபின் மிஞ்சுகிற நுரையீரலை வைத்துக்கொண்டு அப்பா நடமாட முடியுமா என்பதுதான் விஷயம்.

அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு நுரையீரலையும் சேர்த்து 19 பகுதிகள். வலது மேல் மடலில் 3. ஊதும் டெஸ்டில் முதல் ஒரு வினாடியில் வெளிவரும் காற்று, அவர் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் 60 சதவீதம் என்று வையுங்கள். மூன்று பகுதி போனால் மிச்சம் 16. அறுபதை 16ஆல் பெருக்கி 19ஆல் வகுத்தால் 50 சொச்சம். இதே ஆளுக்கு வலது நுரையீரல் முழுவதையும் எடுத்தால் 28தான் மிஞ்சும். அதனால் டாக்டரிடம் எவ்வளவு எடுக்கப் போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

காற்றிலிருந்து ரத்தத்துக்கு வாயு எப்படிக் கடக்கிறது என்று பார்க்கும் டெஸ்டுக்கும் இதே கணக்குதான். ஆபரேஷனுக்குப் பின் மிஞ்சும் என்று கணக்கில் வரும் எண், இரண்டு டெஸ்டிலும் 60க்கு மேல் என்றால் பெரும்பாலும் வேறு மூச்சு டெஸ்ட் வேண்டாம். ஏதாவது ஒன்று 30க்குக் கீழே போனால் சைக்கிள் மிதிக்க வைத்து மூச்சை அளப்பார்கள். நடுவில் நின்றால் நடக்கவோ படி ஏறவோ சொல்வார்கள். 22 மீட்டர் உயரம் ஏறிவிட்டால் நல்லது.

மலையிலிருந்து வருகிறவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்பது, ரோட்டிலிருந்து வீட்டுக்கு எத்தனை படி என்றுதான். படி 15 செ.மீ. உயரம் என்றால் 22 மீட்டருக்கு சுமார் 147 படி. டேப் வைத்து உங்கள் படியை அளந்து, அப்பா எத்தனையாவது படியில் நின்று மூச்சு வாங்குகிறார் என்று குறித்து வாருங்கள். இதற்காக அவரை விரட்டி ஏற்ற வேண்டாம், வழக்கமாக ஏறும்போது பார்த்தால் போதும். நெஞ்சை அடைக்கிறது என்றால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். முதலில் இதயத்தைப் பார்க்க வேண்டும்.

அப்புறம், அந்த 92. உங்கள் ஊர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் எண் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். விரல் சில்லிட்டிருந்தாலும் கருவி தப்பாகக் குறைத்துக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, எண் நிலைக்கும்வரை காத்திருந்து பாருங்கள். கீழே இறங்கியதும் மறுபடி பாருங்கள். இரண்டையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சமவெளியிலும் 92தான் என்றால் அதை மலையின் தலையில் போட முடியாது.

டெஸ்ட் அன்று, பல்செட் ஆடாமல் பொருந்தினால் கழற்ற வேண்டாம். குழாயை உதடு இறுக்கிக் கவ்வ அது உதவும். பீடியை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். தேதி குறித்ததும் விடுகிறேன் என்பார், கேட்காதீர்கள்.

எல்லாம் பார்த்து, ஆபரேஷன் தாங்காது என்று சொன்னால் வீட்டில் எல்லோரும் இடிந்துபோவார்கள். அவசரப்பட வேண்டாம். பரவாத சின்னக் கட்டிக்கு, குறிபார்த்துச் சில தவணைகளில் கொடுத்து முடிக்கும் ரேடியேஷன் உண்டு. அதுவும் குணப்படுத்தும் நோக்கத்தில் கொடுப்பதுதான். அப்படி ஒரு பதில் வந்தால், ஸ்கேன் ரிப்போர்ட்டோடு ரேடியேஷன் டாக்டரையும் பார்த்துவிட்டே மலை ஏறுங்கள்.