சுட்ட கோழியைச் சூடு ஆறுவதற்குள் பிய்க்கும்போது கை வெந்துபோகாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்?

என் இடது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் இன்னும் வெளிறியே இருக்கிறது. ஒரு காணும் பொங்கல் சாயங்காலம் மதுரை வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வாங்கியது. ஆகவே பட்டவன் சொல்கிறேன்.

பட்டறையில் பழைய டிரம்மை நெடுக்காக அறுத்துக் கால் வைத்துக் கொடுத்த அடுப்பு. கரி, சீமைக்கருவேலங்கரி. (ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் மூட்டம் போட்டு எடுப்பது. அமெரிக்காவில் பார்பிக்யூ போடுகிறவர்கள் மெஸ்கீட் மெஸ்கீட் என்று கொண்டாடும் மரத்துக்கு இது பங்காளி முறை. நம்ம ஊரில் இதைப் பிடுங்கி எறியச் சொல்லி ஹைகோர்ட் மதுரைக் கிளை வரைக்கும் வழக்குப் போனது.) முழுக்கோழி இரண்டு. தாராளமாக நெய் தடவியது என் தப்பு. ஒழுகிய நெய் கங்கில் விழுந்து தீ குபீரென்று எழும்பியது. கம்பி வலையோடு கோழியைத் தூக்கிவிடலாம் என்று கைப்பிடிச் சுவரில் கிடந்த துண்டை எடுத்தேன். காய்ந்த துணி பற்றிக்கொள்ளுமே என்று வாளியில் முக்கிப் பிழிந்து, அதை வைத்து வலையைப் பிடித்தேன்.

ஒன்று, இரண்டு எண்ணும் வரை ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவதில் துண்டுக்குள் 'சொய்ங்' என்று ஒரு சத்தம். கையிலோ கொதிக்கிற கம்பி, வைக்க இடமில்லை. அப்படியே தரையில் போட்டேன். கோழி ஒரு பக்கம், வலையோடு ஒட்டிவந்த கங்கு ஒரு பக்கம், வெறுங்காலோடு நின்ற பிள்ளைகள் ஒரு பக்கம்.

அத்தை டூத்பேஸ்டோடு ஓடிவந்தார். அப்பத்தா கீழேயிருந்தே, "பேனா மைய ஊத்துங்கடா, கொப்புளம் வராது" என்று சத்தம் போட்டது. பேஸ்ட்தான் ஜெயித்தது. மறுநாள் டாக்டர் அதைக் கழுவி எடுத்தபோது வலித்த வலி, சுட்டபோதுகூட வலிக்கவில்லை. அதனால் பேஸ்ட், மை, மஞ்சள், மாவு, நெய், ஐஸ் எதுவும் வேண்டாம். மோதிரம், வளையல், கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் வீங்குவதற்குள் கழற்றிவிட்டு, ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் கையைப் பிடியுங்கள். மனக்கணக்கில் 20 நிமிடம் என்பது நிஜத்தில் நாலு நிமிடம்தான், கடிகாரத்தைப் பாருங்கள்.

இதில் மதுரைக்காரர்களுக்கு ஒரு கூடுதல் சங்கடம். கத்திரி வெயில் காலத்தில் மாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீரே கையைச் சுடும். நான் அடுப்பு போடுகிற அன்று காலையிலேயே மூன்று வாளி பிடித்து மாடிப்படி நிழலில் மூடி வைத்துவிடுகிறேன். தேவைப்பட்டால் மக்கால் மொண்டு ஊற்றிக்கொண்டே இருக்கலாம். கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள். உள்ளங்கையிலோ விரல் மூட்டிலோ கொப்புளம் கிளம்பினாலும், தோல் வெளுத்தோ கருகியோ வலியே தெரியாமல் இருந்தாலும் நேரே ஆஸ்பத்திரிதான்.

ஈரத்துணி ஏன் அப்படிக் காலை வாரியது என்று பிறகுதான் புரிந்தது. காய்ந்த துணியில் நூலுக்கு நூல் அடைபட்டுக் கிடக்கும் காற்றுதான் கையைக் காப்பாற்றுகிறது. தண்ணீர் அந்தக் காற்றை வெளியேற்றிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாகச் சூட்டைக் கடத்தும். போதாததற்கு ஆவியாகவும் மாறும். ஆவி தோலில் பட்டு மறுபடி தண்ணீராகும்போது, சுமந்து வந்த சூட்டையெல்லாம் அங்கேயே இறக்கிவிடும். இட்லிக் கொப்பரையைத் திறக்கும்போது கொதிக்கிற தண்ணீரைவிட ஆவிக்கு அம்மா அதிகம் பயப்படுவார், கவனித்திருப்பீர்கள்.

அந்தக் காயம் ஆறியதும் எனக்குக் கையுறைப் பைத்தியம் பிடித்தது. ஆன்லைனில் முதலில் வாங்கிய சிலிக்கோன் ஜோடியில் உள்ளே துணியே கிடையாது. சூடு கொஞ்சம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான். போட்டுக்கொண்டால் தொடை எது இறக்கை எது என்று விரலுக்குத் தெரியவில்லை. அடுத்தது வெல்டிங் செய்கிறவர்கள் போடும் தோல் கையுறை. வலையைத் தூக்க, மூடியைத் திறக்க, கரியைக் கிளற இதற்கு இணை கிடையாது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு கறியைத் தொடாதீர்கள், சாப்பாட்டுக்கென்று பதப்படுத்திய தோல் இல்லை அது. கழுவவும் முடியாது. சூட்டுக் கையுறை வாங்கினால் ஈஎன் 407 (EN 407, சூடு தாங்கும் கையுறைகளுக்கான ஐரோப்பியத் தர எண்) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அதன் கீழே வரிசையாக எண்கள் இருக்கும், இரண்டாவது எண்தான் தொடுகிற சூட்டுக்கு. 1 என்றால் 100 டிகிரி செல்சியஸ், 2 என்றால் 250, 3 என்றால் 350, 4 என்றால் 500. அந்தச் சூட்டைக் குறைந்தது 15 விநாடி தாங்கும் என்று அர்த்தம். 15 விநாடியில் கோழியோடு மாடிப்படி இறங்க முடியாது.

பிய்ப்பதற்கு இப்போது நான் போடுவது இரட்டைக் கையுறை. உள்ளே வெள்ளைப் பருத்தி. மேலே மெடிக்கல் ஷாப்பில் நூறு கொண்ட பெட்டியாகக் கிடைக்கும் நைட்ரைல் என்கிற மெல்லிய செயற்கை ரப்பர் கையுறை, ஒரு சைஸ் பெரியது, பவுடர் போடாதது. அமெரிக்காவில் பன்றித் தோள்கறியை உள்சூடு 90, 95 டிகிரி வரும்வரை மணிக்கணக்கில் வேகவைத்து, சற்று ஆறப்போட்டு, இப்படித்தான் நார் நாராகப் பிய்க்கிறார்கள். மேலே இருப்பது நெய்யையும் சாறையும் உள்ளே விடாது, அதனால் பருத்தி காய்ந்தே இருக்கும். எல்லா விஷயமும் அந்தக் காய்ந்த பருத்தியில்தான் இருக்கிறது. நைட்ரைலை மட்டும் போட்டுக்கொண்டு பிய்த்தால் வெறுங்கைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இந்தக் கையோடு நெருப்புப் பக்கமும் போகாதீர்கள், உருகி ஒட்டிக்கொள்ளும். பாலியஸ்டர் கலந்த துண்டும் அப்படித்தான். என் வீட்டுக் கரித்துணியெல்லாம் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை, சுத்தமான பருத்தி, நாலு மடிப்பு.

பிய்க்கும் முன் 15 நிமிடம் கோழியைச் சும்மா விடுங்கள். தொடை மூட்டின் உட்பக்கம் 74 டிகிரி வந்தால்தான் கோழி வெந்ததாகக் கணக்கு. நம் தோலுக்கோ 60 டிகிரி தண்ணீர் சுமார் 5 விநாடி பட்டாலே ஆழமாக வெந்துவிடும். ரொம்பப் பேர் ஏமாறுவது வயிற்றுக்குள் தேங்கி நிற்கும் சாற்றில்தான். கோழியை நிமிர்த்திப் பிடித்தால் அது கொட்டி மணிக்கட்டு வழியாகக் கையுறைக்குள் இறங்கும். அப்புறம் கையுறையைக் கழற்றுவதற்குள் வெந்துவிடும். ஆகவே முதலில் இடுக்கியால் தாம்பாளத்தின் மேல் சாய்த்து வடித்துவிடுங்கள். பிய்க்கும்போது விரல்நுனி எப்போதும் மணிக்கட்டைவிடத் தாழ்ந்தே இருக்கட்டும். தொடை மூட்டைத் திருகும்போது தோலுக்கடியில் இருந்து ஆவி பீறிடும், முகத்தைக் குனிந்து வைத்திருக்காதீர்கள். ஃபாயிலில் சுற்றியிருந்தால் உங்களுக்கு எதிர்ப்பக்கமாகத் திறங்கள். இதையெல்லாம் தொடங்கும் முன்பே தாம்பாளம் எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் அன்று பார்க்கவில்லை.

எங்கள் தெருமுனை பரோட்டா மாஸ்டர் கல்லிலிருந்து எடுத்த பரோட்டாவை நாலைந்தாக அடுக்கி வெறுங்கையால் பட்பட்டென்று அடிப்பார். "சுடலையாண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன். "சுடாம என்னப்பா? ஒரு அடி அடிச்சதும் கை வெளிய வந்துரணும். யோசிச்சா சுட்டுரும்" என்றார். அவர் அடிப்பது இத்துணூண்டு நேரம், அதுவும் இடையில் காற்று நிறைந்த காய்ந்த பரோட்டாவை. அதைப் பார்த்துவிட்டு நெய் ஒழுகும் கோழியை வெறுங்கையால் பிடித்துவிடாதீர்கள். நெய் தோலில் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும், உதறினாலும் போகாது.

ஆனால் அவர் கடை பரோட்டா எனக்கு வேறொரு விதத்தில் உதவுகிறது. இரும்புக் கம்பியில் குத்திச் சுட்ட துண்டுகளை உருவுவதற்கு ஒரு பரோட்டாவை விரித்து, அதால் கறியைப் பொத்திப் பிடித்து இழுப்பேன். வடநாட்டுக் கபாப் கடைகளில் நானை வைத்துச் செய்வதுதான். கை சுடாது, சாறு முழுக்கப் பரோட்டாவில் இறங்கிவிடும். அந்தப் பரோட்டா யாருக்கு என்று எங்கள் வீட்டில் சண்டையே நடக்கும்.

பருத்திக் கையுறையைச் சுடுதண்ணீரில் சோப்புப் போட்டு அலசி, அடுத்த தடவைக்குள் நன்றாகக் காயவைத்துவிடுங்கள். நெய் ஏறி ஈரமாக இருந்தால் என் துண்டின் கதைதான். எங்கள் வீட்டுக் கொடியில் வெள்ளைக் கையுறை நாலு ஜோடி வரிசையாகத் தொங்குவதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அண்ணன் கேட்டார்: "உங்க வீட்ல யாருப்பா டிராஃபிக் போலீஸ்ல சேர்ந்தது?"