எம்.பி.பி.எஸ். படிக்கும்போதே கைச்செலவுக்குச் சம்பாதிக்க முடியுமா?

எம்.பி.பி.எஸ். படித்துக்கொண்டே, வீட்டை எதிர்பார்க்காமல் கைச்செலவுக்குச் சம்பாதிக்க வழியுண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, ஆனால் வகுப்புகளுக்கு 75 விழுக்காடும் செய்முறைக்கு 80 விழுக்காடும் வருகைப்பதிவு தேவைப்படுவதால், பகல் நேர வேலை எதுவும் ஒத்துவராது.

நடைமுறையில் கைகொடுப்பது நீட் டியூஷன்தான். அத்தேர்வின் 720 மதிப்பெண்களில் 360 உயிரியலுக்கு உரியவை என்பதாலும், முதலாண்டில் உடலியங்கியலைக் கரைத்துக் குடித்த ஒருவரால் சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டும் அலகான நெஃப்ரானின் எந்தப் பகுதியில் எவ்வளவு நீர் மீள உறிஞ்சப்படுகிறது என்பதை ஒரு தாளில் வரைந்தே விளக்கிவிட முடியும் என்பதாலும், வார இறுதியில் இரண்டு மூன்று மாணவர்களுக்கு இணையவழியில் சொல்லிக்கொடுப்பது பெரிய சுமையாக இராது. பல்கலைக்கழகத் தேர்வு நெருங்கும் வாரங்களில் வகுப்பு இராது என்பதை மட்டும் பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

சிறிய கிளினிக்குகளில் இரவுப் பணிக்கு இறுதியாண்டு மாணவர்களைக் கேட்பதுண்டு. மருத்துவராகப் பதிவு பெறாமல் மருத்துவம் பார்ப்பது, 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பதால், எவ்வளவு கொடுத்தாலும் அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். நான்கரை ஆண்டுகள் முடிந்து பயிற்சி மருத்துவராகும்போது மாதாந்திர உதவித்தொகை கிடைக்கும். அதுவரைக்கும்தான் இந்த ஏற்பாடு.