பழைய லேப்டாப்பில் கேம் ஓடுமா? கேளுங்கள், சொல்கிறேன்

நாகர்கோவில் வடசேரி பக்கம் பன்னிரண்டு வருசமாக லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ராத்திரி கடை அடைத்தபிறகு நானும் கேம் ஆடுகிறவன்தான். இன்றைக்குக் கடையில் கூட்டம் இல்லை, அதனால் பழைய லேப்டாப், கேம், இரண்டையும் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புதுசு வாங்குவதற்கு முன்னால் இருக்கிறதைத் திறந்து தூசி தட்டுங்கள்.

தக்கலை, கல்லூரி மாணவர்: அண்ணா, ஐ5 எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. ஜிடிஏ 5 ஓடுமா?

ஓடும் தம்பி. அது 2015ல் பிசிக்கு வந்த கேம், அவர்கள் கேட்ட குறைந்தபட்சமே 4 ஜிபி ரேம்தான். ரெசல்யூஷனை 720பி வைத்துக்கொள். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், 720பியில் 9.2 லட்சம்தான், அதனால் கிராபிக்ஸ் செய்ய வேண்டிய வேலை பாதிக்கும் கீழே வந்துவிடும்.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. உன் 8 ஜிபி ஒரே ஸ்டிக்கா, நாலு நாலாக இரண்டா? டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கம் போனால் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும். தனி கார்டு இல்லாத லேப்டாப்பில் கிராபிக்ஸுக்கு என்று சொந்த மெமரி கிடையாது, பிராசசரும் அதுவும் ஒரே ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரே ஸ்டிக் என்றால் மேம்பாலம் வருவதற்கு முந்தைய மார்த்தாண்டம் ஜங்ஷன் மாதிரி, எல்லா வண்டியும் ஒரே ரோட்டில் முட்டிக்கொண்டு நிற்கும். இரண்டாவது ஸ்டிக் போட்டால் இன்னொரு வழி திறக்கிறது. இந்த வகை லேப்டாப்புக்கு இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு வித்தியாசம் காட்டுகிற வேலை வேறு எதுவும் இல்லை. ஆனால் சில மாடலில் ரேமை போர்டிலேயே பற்ற வைத்திருப்பார்கள், கீழ் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வாங்கு.

குளச்சல்: முதல் பத்து நிமிசம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் திக்கித் திக்கி நிற்கிறது. கிராபிக்ஸ் போய்விட்டதா?

போகவில்லை, சூடாகிறது. பிராசசர் நூறு டிகிரியை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைக்கும். ஃபேனுக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் தூசி அடைத்திருக்கும், பிராசசரின் சூட்டை வெளியே கடத்துகிற தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். உங்கள் ஊரில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். கடலோரத்திலிருந்து வருகிற லேப்டாப்புகளைத் திறந்தால் இணைப்புகளில் பச்சை பிடித்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். ஐப்பசி மழைக்காலத்தில் மாசக்கணக்கில் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள், தினமும் கொஞ்ச நேரம் போடுங்கள். மெத்தை மேல் வைத்து ஆடவே கூடாது, காற்று இழுக்கிற ஓட்டை அடியில்தான் இருக்கிறது. முடிந்தால் கடைக்குக் கொண்டு வாருங்கள்.

திங்கள்சந்தை: 4 ஜிபி ரேமில் ஜிடிஏ 5 ஓடுமா?

முதல் பதிலைப் பாருங்கள். ஓடும், ஆனால் இன்னொரு 4 ஜிபி போட்டால்தான் நிம்மதியாக ஆடலாம்.

அருமனை: தம்பி, பெரிய மகளுக்கு ஸ்கூலில் கொடுத்த அரசு லேப்டாப் சும்மா கிடக்கிறது, 2 ஜிபி ரேம். சின்னவன் கேம் கேட்கிறான், பத்து வயசு. என்ன போட்டுக் கொடுக்கலாம்?

அக்கா, 2011ல் அந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்து நம் மாவட்டத்தில் எத்தனையோ வீட்டில் முதல் கம்ப்யூட்டரே அதுதான், அதைத் தூக்கிப் போடாதீர்கள். 1999ல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2ன் பழைய பதிப்பு அதில் அருமையாக ஓடும், பையனுக்குக் கொஞ்சம் சரித்திர ஆர்வமும் வரும். ஸ்டார்டியூ வேலி 2 ஜிபி ரேம்தான் கேட்கிறது, 2016ல் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து செய்த விவசாய கேம், சண்டை கொஞ்சம்தான். ஜிடிஏ மட்டும் பத்து வயசுக்கு வேண்டாம்.

விண்டோஸ் 7 இருந்தால் கேம் வாங்கி இறக்குகிற ஸ்டீம் ஓடாது, 2024 ஜனவரி 1ஓடு நிறுத்திவிட்டார்கள். அப்புறம், பக்கத்து வீட்டுப் பையன் பென்டிரைவில் கொண்டுவருகிற திருட்டு கேமைப் போடவே போடாதீர்கள் அக்கா, கடைக்கு வைரஸோடு வருகிற லேப்டாப்பில் நான் அதிகம் பார்க்கிற காரணம் அதுதான். கொடுப்பதற்கு முன்னால் ஃபேனைத் தூசி தட்டிவிடுங்கள்.

நாகர்கோவில், சொந்தமாக கேமிங் பிசி கட்டியவர்: அண்ணே, தப்பா நினைக்காதீங்க. பழைய ஹார்டுவேருக்கும் ஓட வேண்டும் என்று கேட்பதால்தான் கேம்கள் முன்னேறாமல் நிற்கின்றன. முடியாதவர்கள் மொபைலில் ஆடலாமே?

தப்பா நினைக்கவில்லை மக்கா, ஆனால் இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

கேம் கனமாக இருப்பதற்கு எப்போதும் முன்னேற்றம்தான் காரணம் என்று நினைக்கிறாய். ஜிடிஏ ஆன்லைனை எடுத்துக்கொள். வருசக்கணக்கில் லோடு ஆகவே ஆறு நிமிசம் வரை ஆகும், எல்லாரும் தன் கம்ப்யூட்டர்தான் மோசம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2021ல் ஆடுகிறவர் ஒருவரே உட்கார்ந்து ஆராய்ந்து பார்த்தார். சுமார் 10 எம்பி அளவுள்ள ஒரு பட்டியலைப் படிப்பதற்கு, ஒவ்வொரு சொல்லுக்கும் மீதியுள்ள பட்டியல் முழுவதையும் கடைசிவரை அளந்துகொண்டே இருந்திருக்கிறது அந்த நிரல். அவர் அதைச் சரிசெய்தபோது ஆறு நிமிசம் இரண்டு நிமிசத்துக்கும் கீழே வந்தது. ஜிடிஏவைச் செய்த ராக்ஸ்டார் கம்பெனி அதை ஒத்துக்கொண்டு, தங்கள் கேமிலும் திருத்தி, அவருக்கு 10,000 டாலர் பரிசும் கொடுத்தது. அத்தனை வருசம் எத்தனை பேர் அதற்காகப் புது பிராசசர் வாங்கியிருப்பார்கள்?

ஹெல்டைவர்ஸ் 2 என்ற கேம் பிசியில் 150 ஜிபிக்கு மேல் இடம் பிடித்தது. ஹார்ட் டிஸ்கில் வேகமாக லோடு ஆகட்டும் என்று ஒரே கோப்பைப் பல பிரதிகளாகப் போட்டு வைத்திருந்தார்கள், நல்ல எண்ணம்தான். ஆனால் 2025ல் அளந்து பார்த்தபோது நேரத்தைத் தின்றது வேறு வேலை என்று தெரிந்தது, பிரதிகளை எடுத்துவிட்டார்கள், கேம் 23 ஜிபி ஆனது. 256 ஜிபி எஸ்எஸ்டி வைத்திருக்கிற பையனுக்கு இது எவ்வளவு பெரிய விசயம் என்று யோசி. யாருடைய முன்னேற்றமும் இதில் நிற்கவில்லை, உன் கேமிங் பிசியிலும் இடம் மிச்சம்.

மொபைலில் ஆடலாமே என்கிறாய். இங்கே ஒரு கேமிங் லேப்டாப்புக்குக் குறைந்தது அறுபதாயிரமாவது வேண்டும். ரப்பர் பால் வெட்டுகிறவர், வலைக்குப் போகிறவர் வீட்டில் பிள்ளையின் படிப்புக்கு என்று ஒரு லேப்டாப் வாங்குவார்கள், அது எட்டு வருசம் ஓடும், அண்ணனிடமிருந்து தம்பிக்குப் போகும். அந்தப் பிள்ளையும் ஆடட்டும் என்கிறேன். இதில் கெஞ்சல் எதுவும் இல்லை, கேம் விற்கிறவனுக்கும் அதுதான் லாபம்.

அதே நாகர்கோவில்காரர்: அதெல்லாம் பிழைகள் அண்ணே, சரிசெய்ய வேண்டியதுதான். ஆனால் வெளிச்சம் போகிற வழியைக் கணக்குப் போட்டு நிழலை வரைகிற ரே டிரேசிங் மாதிரி புது விசயங்களைப் பழைய கார்டில் எப்படிக் கொண்டுவர முடியும்?

கொண்டுவர வேண்டாம். உன் கார்டில் அது இருக்கட்டும், என் லேப்டாப்பில் அதை அணைக்க ஒரு பொத்தான் கொடு, அவ்வளவுதான் கேட்கிறேன். ரே டிரேசிங் இல்லாமல் கேமே திறக்காது என்று கட்டும்போதுதான் எனக்கு வருத்தம்.

கருங்கல்: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஸ்டீம் டெக்கையும் சொல்லுங்கள் அண்ணா, அது இந்த வாதத்துக்கே பதில் அல்லவா?

கொள்ளாம், நல்ல இடத்தில் ஞாபகப்படுத்தினீர்கள். 2022ல் வந்த, கேம் ஆடுகிற கைக்கருவி, 1280க்கு 800 திரை, அதன் சிப் இழுப்பதே 15 வாட் வரைதான், நம் லேப்டாப் பிராசசர் அளவு. அதில் ஓட வேண்டும் என்பதற்காகவே நிறையப் பேர் தங்கள் கேமைச் செதுக்கினார்கள், அந்தச் செதுக்கல் சாதாரண லேப்டாப்புக்கும் வந்து சேர்ந்தது. ஏஎம்டி 2021ல் விட்ட எஃப்எஸ்ஆரும் அப்படித்தான், சின்ன ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும், பிற கம்பெனிகளின் பழைய கார்டிலும் வேலை செய்யும். மனசு வைத்தால் நடக்கிறது.

கொட்டாரம்: ஐ3, 4 ஜிபி. ஜிடிஏ 5?

மேலே இரண்டு முறை சொல்லியாயிற்று. இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன், தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள். ஃபேன் தூசி தட்டினீர்களா?

குலசேகரம்: எந்த கேமிங் லேப்டாப் வாங்கலாம்?

பட்ஜெட் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது.

தோவாளை, இன்ஜினியரிங் மாணவி: நானும் தோழியும் பிராஜெக்டுக்கு ஒரு சின்ன 3டி கேம் செய்கிறோம், நம் ஊர் பூச்சந்தைதான் களம். கேம் செய்கிற மென்பொருளான அன்ரியல் 5 என் லேப்டாப்பில் நகரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது அண்ணா?

இன்றைக்கு வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கோடோவுக்கு மாறுங்கள், அதுவும் கேம் செய்கிற மென்பொருள்தான், இலவசம், அதில் கம்பாட்டிபிலிட்டி என்று ஒரு ரெண்டரர், அதாவது படத்தை வரைகிற பகுதி, இருக்கிறது, பழைய கிராபிக்ஸுக்கென்றே வைத்திருக்கிறார்கள்.

ஒரு கணக்கை மட்டும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். விநாடிக்கு 60 படம் வேண்டுமென்றால் ஒரு படத்துக்கு 16.6 மில்லிவிநாடி, 30 போதுமென்றால் 33.3. அதற்குள் எல்லாம் முடிய வேண்டும். சந்தையில் ஆயிரம் மல்லிகைப் பூவைத் தனித்தனியாக வரைந்தால் முடியாது, ஒரே பூவைப் பலமுறை அச்சடிக்கிற முறை கோடோவில் உண்டு, மல்டிமெஷ் என்று தேடுங்கள். நிழலை அணைக்க, ரெசல்யூஷனைக் குறைக்க, படத்தை 30க்கு நிறுத்த வழி கொடுங்கள். ரெசல்யூஷனைக் குறைத்தாலும் எழுத்து தெளிவாகவே இருக்கட்டும், 14 இன்ச் திரையில் தமிழ் எழுத்தின் சுழி மங்கினால் படிக்கவே முடியாது.

உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் இருக்கிறதிலேயே மோசமான லேப்டாப்பை வாரம் ஒருமுறை கடன் வாங்கி அதில் ஆடிப் பாருங்கள். கடைசி வாரத்தில் இல்லை, முதல் வாரத்திலிருந்தே. கடைசியில் பார்த்தால் மாற்ற முடியாத அளவுக்குக் கட்டியிருப்பீர்கள். கிடைக்காவிட்டால் என் கடைக்கு வாருங்கள், 2012 மாடல் ஒன்று வைத்திருக்கிறேன், தருகிறேன்.

நாகர்கோவில்காரர்: அண்ணே, அந்தப் பூச்சந்தை கேம் முடிந்ததும் நானும் ஆடிப் பார்க்கிறேன், ரே டிரேசிங் இல்லாமலே.

சந்தோசம் மக்கா.

குளச்சல்: லேப்டாப்பைக் கடையில் கொடுத்துவிட்டுப் போனேனே, பார்த்தீர்களா?

பார்த்தேன். தூசி கம்பளி மாதிரி படிந்து காற்று வழியே மூடியிருந்தது, பச்சை இன்னும் பிடிக்கவில்லை. சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றி அரைமணி நேரம் ஓட்டினேன், 97 டிகிரியில் நின்றது 78க்கு வந்துவிட்டது, திக்கல் இல்லை. காலையில் ஒன்பதரைக்குக் கடை திறப்பேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.