அடக்கமாக இருந்தால் போதுமா?

கேள்வி: ‘தன்பாலின ஜோடிகளை வரவேற்கும் சுற்றுலாத் தலங்கள்’ என்று தனியாகப் பட்டியல் போடுகிறார்களே, இது தேவையா? கடலும் மலையும் எல்லோருக்கும் பொதுதானே? போன இடத்தில் அடக்கமாக நடந்துகொண்டால் யார் என்ன கேட்கப்போகிறார்கள்?

பதில்: விடுதிக்குள் நுழைந்ததுமே கேட்பார்கள். “ஒரே கட்டில் உள்ள அறையா? தவறாகப் பதிவு செய்துவிட்டீர்களோ?” என்று நாலு பேர் முன்னால் கேட்பார்கள். கணவன் மனைவியாகப் போகிறவர்களுக்கு இந்தக் கேள்வி வருவதே இல்லை. அதனால்தான் பட்டியல் எதற்கு என்று அவர்களுக்குத் தோன்றுகிறது.

அடக்கத்துக்கே வருவோம். எகிப்தில் தன்பாலுறவைப் பெயர் சொல்லித் தடை செய்யும் சட்டப்பிரிவு கிடையாது. ஆனால் 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றை வைத்து, ‘ஒழுக்கக்கேடு’ என்று சொல்லிக் கைது செய்கிறார்கள். காவலர்களே டேட்டிங் செயலியில் போலிக் கணக்கு தொடங்கி, ஆசையாகப் பேசி வரவழைத்துப் பிடித்திருக்கிறார்கள். செல்போனில் இருந்த படங்களும் உரையாடல்களும் வழக்கில் சாட்சியமாகின. பிடிபட்டவர்கள் தெருவில் கைகோத்துக்கூட நடக்கவில்லை. இதற்கு மேல் எப்படி அடக்கமாக இருப்பது?

மாலத்தீவைப் பாருங்கள். தேனிலவு என்றாலே அந்த நீலக் கடலைத்தான் காட்டுகிறார்கள். தனித்தீவு ரிசார்ட்டில் ஊழியர்கள் கண்டும் காணாமல் இருந்துவிடலாம். ஆனால் அந்நாட்டுச் சட்டப்படி தன்பாலுறவு குற்றம், சிறைத்தண்டனை உண்டு. யாரோ ஒருவர் புகார் கொடுக்காமல் இருக்க வேண்டுமே என்று பயந்துகொண்டே கழிக்கும் ஒரு வாரத்தை விடுமுறை என்று என்னால் சொல்ல முடியவில்லை. உலகில் இன்றும் 60க்கும் மேற்பட்ட நாடுகளில் இதுதான் நிலைமை.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது சட்டம். அதையும் புதிதாகப் பார்க்க வேண்டும். மொரிஷியஸில் 2023இல் உச்ச நீதிமன்றம் பழைய தண்டனைப் பிரிவை நீக்கியது. டிரினிடாடில் 2018இல் நீதிமன்றம் அப்படி நீக்கியதை 2025இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாற்றிவிட்டது. மூன்று வருடத்துக்கு முந்தைய பயணக் கட்டுரையை நம்பி டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். தன்பாலினத்தவர் உரிமைக்காக உழைக்கும் அமைப்புகளின் உலகக் கூட்டமைப்பான இல்கா (ILGA) நாடுவாரியாகச் சட்டங்களைத் தொகுத்து வைத்திருக்கிறது. கிளம்புவதற்கு முன் அதைப் பாருங்கள்.

அப்புறம், மதத்தை வைத்தோ பணக்கார நாடா என்பதை வைத்தோ ஊகிக்க வேண்டாம். மால்டா ஆழ்ந்த கத்தோலிக்க நாடு. 2011 வரை அங்கே விவாகரத்துக்கே சட்டத்தில் இடமில்லை. அதே மால்டா 2017இல் தன்பாலினத் திருமணத்தைச் சட்டமாக்கியது. ஆசியாவில் தைவான் 2019இலும் தாய்லாந்து 2025 ஜனவரியிலும் அதைச் செய்தன. முதல் பயணம் என்றால் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வேன்.

சட்டம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்குத் தென்னாப்பிரிக்கா சாட்சி. பாலீர்ப்பின் பெயரால் பாகுபாடு கூடாது என்று அரசியல் சாசனத்திலேயே முதலில் எழுதிய நாடு அது. 2006 முதல் திருமண உரிமையும் உண்டு. கேப் டவுனின் சில பகுதிகளில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதே நாட்டின் வேறு பகுதிகளில் லெஸ்பியன் பெண்கள் கொடூரமாகத் தாக்கப்பட்டிருக்கிறார்கள். எந்த நாடு என்பதோடு எந்த ஊர், எந்தத் தெரு என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெண்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் ஆண்களின் இரவு விடுதிகளைக் கணக்கில் வைத்துப் போடப்படுகின்றன. இரண்டு பெண்கள் இரவில் நடந்து அறைக்குத் திரும்ப முடியுமா என்பது அவற்றில் இருக்காது. பெண்களுக்கு நான் சொல்லும் ஊர் கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவில் உள்ள எரெசோஸ். கவிஞர் சாஃபோ பிறந்த இடமாகச் சொல்லப்படுவது. லெஸ்பியன் என்ற சொல்லே அந்தத் தீவின் பெயரிலிருந்து வந்ததுதான். பல பத்தாண்டுகளாகப் பெண்கள் அங்கே கூடுகிறார்கள். கிரேக்கமும் 2024இல் திருமண உரிமை தந்துவிட்டது.

வானவில் கொடி போட்ட விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டாம். விடுதிக்கு நேராக எழுதுங்கள்: “நாங்கள் இரண்டு பெண்கள், தம்பதி, ஒரே கட்டில் அறை வேண்டும்.” சுற்றி வளைக்காமல் ‘சரி’ என்று பதில் வந்தால் பதிவு செய்யுங்கள். மழுப்பினால் வேறு விடுதி பாருங்கள். இப்படி எழுதுவதே ஆபத்தாக இருக்கும் நாடு என்றால், அங்கே போக வேண்டாம்.

கடைசியாக, மருத்துவமனை. ஜப்பானும் வியட்நாமும் தன்பாலுறவைக் குற்றமாகப் பார்ப்பதில்லை. ஆனால் நாடு முழுவதற்குமான திருமண அங்கீகாரம் இரண்டிலும் இல்லை. ஒருவர் மயங்கிக் கிடக்கும்போது மற்றவரை ‘நீங்கள் யார்?’ என்று வெளியே நிறுத்திவிடலாம். சிகிச்சை பற்றி முடிவெடுக்கும் பொறுப்பை ஒருவருக்கொருவர் எழுதிக் கையெழுத்திட்டு, அந்நாட்டு மொழிபெயர்ப்போடு பாஸ்போர்ட் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.