வலியோடு வாசிக்கச் சொல்லாதீர்கள்

வணக்கம் சார்,

வலது கை முடங்கிப்போன பியானோ கலைஞர் லியான் ஃப்ளைஷர் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். என் மகனுக்குப் பதினாலு வயது, பியானோ கற்கிறான். கிரேடு தேர்வு நெருங்குவதால் தினமும் நாலு மணி நேரம் வாசிக்கிறான். ஒரு மாதமாக வலது கை வலிக்கிறது என்கிறான். வலிக்காமல் கை பழகாது என்கிறார் அவனுடைய ஆசிரியர். உங்கள் கட்டுரையை அவனுக்குப் படித்துக் காட்டி, முப்பது வருடம் ஒற்றைக் கையோடு போராடியவர் முன்னால் உன் வலி எம்மாத்திரம் என்று கேட்டேன். நான் செய்தது சரிதானா?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

படித்ததும் பகீரென்றது. முதல் வேலையாக, பையனை இன்றைக்கே வாசிப்பை நிறுத்தச் சொல்லுங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

கட்டுரையில் ஃப்ளைஷரின் விடாமுயற்சியைப் பற்றி நிறைய எழுதினேன், ஆனால் அவர் கை எப்படிக் கெட்டது என்பதை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டேன். அது என் தவறு. அவர் கையைக் கெடுத்ததில் அந்த விடாமுயற்சிக்கும் பங்கு உண்டு. 1928இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தவர், ஒன்பது வயதில் பியானோ மேதை ஆர்தர் ஷ்னாபலிடம் மாணவராகப் போய்ச் சேர்ந்தார், பதினாறு வயதில் நியூயார்க் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவோடு மேடையேறினார், 1952இல் பிரஸ்ஸல்ஸில் ராணி எலிசபெத் போட்டியில் முதல் பரிசு. கிளீவ்லாந்து இசைக்குழுவோடு ஜார்ஜ் ஸெல் நடத்த அவர் வாசித்த பீத்தோவன், பிராம்ஸ் பதிவுகளை இன்றைக்கும் தேடிக் கேட்கிறார்கள். அப்படிப்பட்டவருக்கு வலது கை விரல்கள் லேசாக மந்தமாவதுபோலத் தெரிந்தபோது, நல்ல மாணவன் எவனும் செய்வதைத்தான் செய்தார், இன்னும் கூடுதலாகச் சாதகம் செய்தார். களைத்துப்போன கையை மேலும் மேலும் வேலை வாங்கினார். 1964 வாக்கில், முப்பத்தாறு வயதில், மோதிர விரலும் சுண்டு விரலும் தாமாகவே உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டன. பியானோவில் மேல் சுரங்களில் ஓடும் மெட்டைப் பெரும்பாலும் ஏந்துவது அந்த இரண்டு விரல்கள்தான்.

அதற்கு ஃபோக்கல் டிஸ்டோனியா என்று பெயர் என்பதே அவருக்குத் தெரிய கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. ஒரே அசைவை ஆயிரமாயிரம் முறை செய்யும்போது, பக்கத்துப் பக்கத்து விரல்களுக்கு மூளை தனித்தனியாக வைத்திருக்கும் இடங்கள் சிலருக்கு ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. உங்கள் மகனுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. டிஸ்டோனியாவில் பெரும்பாலும் வலியே இருக்காது, விரல் சொன்ன பேச்சைக் கேட்காது, அவ்வளவுதான். அவனுக்கு இருப்பது தசைநாணில் வந்த அழற்சியாக இருக்கலாம், உட்காரும் உயரமோ மணிக்கட்டை வைக்கும் விதமோ தப்பாக இருக்கலாம். அதை டாக்டர்தான் பார்க்க வேண்டும். ஆனால் வலி என்பது கை சொல்லும் தகவல். அதைக் கேட்காமல் வாசிக்கச் சொல்லும் ஆசிரியர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் இந்த விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

சரி, அந்த முப்பது வருடம். கை போனதும் அவர் தற்கொலை வரைக்கும் யோசித்தார். அதிலிருந்து மீண்டது அதே கையோடு மல்லுக்கட்டியதால் மட்டும் இல்லை. பால்டிமோரின் பீபாடி இசைக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார், இசைக்குழுக்களை நடத்தினார், இடது கைக்கென்றே எழுதப்பட்ட இசையை எடுத்து வாசித்தார். முதல் உலகப்போரில் வலது கையை இழந்த பியானோ கலைஞர் பால் விட்கன்ஸ்டைனுக்காக இசையமைப்பாளர் ராவெல் எழுதிய கான்செர்ட்டோ, அதாவது பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு, அதில் ஒன்று. அதை வாசிப்பவரின் கையை ஒருமுறை பாருங்கள். இடது கையில் கட்டை விரல் மேல் சுரங்களின் பக்கம் இருக்கிறது, அதனால் இருப்பதிலேயே பலமான விரலுக்கு மெட்டு போய்விடுகிறது. மற்ற நாலும் கீழே தாவித் தாவி அடித்தளம் போடுகின்றன, கை நகர்ந்த பிறகும் அந்த நாதத்தைப் பெடல் பிடித்து வைத்துக்கொள்கிறது. கண்ணை மூடிக்கொண்டால் ஒரு கை என்று நம்ப முடியாது. விட்கன்ஸ்டைன் கேட்டு வாங்கி, கடைசிவரை வாசிக்காமலே வைத்திருந்த இசையமைப்பாளர் ஹிண்டெமித்தின் படைப்பு ஒன்று விட்கன்ஸ்டைனின் மனைவி மறைந்த பிறகு வெளியே வந்தது, 2004இல் பெர்லினில் அதை முதன்முதலாக வாசித்தவர் ஃப்ளைஷர்.

தொண்ணூறுகளில் போடாக்ஸ் ஊசியும் ஆழ்ந்த உடற்பிடிப்பு வைத்தியமும் சேர்ந்து விரல்களை ஓரளவு தளர்த்தின. 2004இல் இரண்டு கைகளாலும் வாசித்த இசைத்தட்டு வந்தது. நோய் முழுக்கப் போகவில்லை. ஊசி தொடர்ந்து தேவைப்பட்டது. 2020இல் தொண்ணூற்றிரண்டு வயதில் இறந்தார். வாசிப்பவர்கள் உடம்பைக் கவனிக்க வேண்டும் என்று கை திரும்பிய பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தவர் அவர்.

பையனிடம் இதையும் படித்துக் காட்டுங்கள். கை ஓய்வில் இருக்கும் வாரங்களில் அந்த 2004 தட்டில் ஷூபர்ட்டின் பி ஃப்ளாட் சொனாட்டாவைக் கேட்கச் சொல்லுங்கள், கீழே இடது கையில் மெதுவாக உருளும் அந்த டிரில்லை, பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டு மாறி மாறி அதிர்வதை, கவனிக்கச் சொல்லுங்கள். தேர்வை அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.