யார் சொல்வது சரி? காரைக்குடிப் பக்கத்துக் கேள்வி பதில்

காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் தொழில்நுட்ப வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டிலோ கடையிலோ பேசிப் பேசியும் தீராத விஷயம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையவே வந்துவிட்டன. எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (தேவகோட்டை): அண்ணே, எங்க வீட்டுக்காரர் மாடியில மூணு கிலோவாட் சோலார் போட்டார். போன வாரம் உச்சி வெயில்ல கரண்ட் போச்சு, ஒரு ஃபேன்கூட ஓடல. ஏமாத்திட்டாங்கன்னு நான் சொல்றேன். அது அப்படித்தான்னு அவர் சொல்றார்.

பதில்: அவர் சொல்வது சரி, தங்கச்சி. ஆனால் போடும்போதே இதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கோபம் நியாயமானது.

உங்கள் வீட்டில் இருப்பது மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடும் வகை. லைனில் கரண்ட் இருக்கிறதா என்று இன்வெர்ட்டர் ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். லைன் நின்றதும் தானும் நின்றுவிடும். தெருமுனைக் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேனுக்காகத்தான் இந்த ஏற்பாடு. லைனை அணைத்தாயிற்று என்று நம்பி அவர் கம்பியைத் தொடும்போது உங்கள் மாடியிலிருந்து கரண்ட் திரும்பிப் போனால் ஓர் உயிர் போய்விடும். கரண்ட் போனாலும் வீடு ஓட வேண்டும் என்றால் பேட்டரியோடு சேர்ந்த ஹைபிரிட் வகை வேண்டும். அதற்கு விலை கூடுதல், சில வருடங்களில் பேட்டரி மாற்றும் செலவும் உண்டு.

போட்ட பணம் வீணா என்பது வேறு கேள்வி. நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். மூன்று கிலோவாட் என்றால் 12 யூனிட், இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் பக்கம். 2024-இல் வந்த சூர்ய கர் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். ஏசி, மோட்டார் என்று 600, 700 யூனிட் ஓடுகிற வீட்டுக்கு இது நல்ல கணக்கு. இரண்டே பேர் இருந்து 200 யூனிட் எரிக்கிற வீட்டுக்கு, முதல் 100 யூனிட் இலவசமும் போக, போட்ட பணம் திரும்ப வெகுகாலம் ஆகும். பழைய பில் ஆறு எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் உட்காருங்கள்.

அப்புறம் ஒன்று. சாயங்காலம் மூன்று மணிக்கு மாடி ஏறி, தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். வரிசையாகக் கோத்த பலகைகளில் ஒன்றின் மேல் நிழல் விழுந்தாலும் மொத்த வரிசையின் உற்பத்தியும் குறையும். தொட்டியை நகர்த்துவது சின்ன வேலைதான்.

கேள்வி (காரைக்குடி): ஒரு லட்சம் கடன். தெரிஞ்சவர் ஒருத்தர் 'ஒரு ரூபாய் வட்டி'ன்றார். ஃபைனான்ஸ்காரங்க '12 சதவீதம், மாசத் தவணை'ன்றாங்க. ரெண்டும் ஒண்ணுதானேன்னு அப்பா கேக்குறார். எனக்கு என்னவோ இடிக்குது.

பதில்: இடிப்பது சரியாகத்தான் இடிக்கிறது, தம்பி. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் வருடத்துக்கு 12 சதவீதம். அப்பா அதுவரைக்கும் சரி. ஆனால் எந்தத் தொகைக்கு வட்டி என்று அவர் கேட்கவில்லை.

தெரிந்தவரிடம் வாங்கினால் வருடம் முழுக்க லட்சமும் உங்கள் கையில் இருக்கும். மாதம் ஆயிரம் வட்டி கட்டி, கடைசியில் அசலைத் திருப்புவீர்கள். 12,000 ரூபாய் வட்டி, வருடம் முழுக்க ஒரு லட்சம். கணக்கு நேராக இருக்கிறது.

தவணைக் கடனில் மாதாமாதம் அசலும் குறைந்துகொண்டே வருகிறது. ஆறாவது மாதம் முடியும்போது லட்சத்தில் பாதிதான் உங்களிடம் பாக்கி. அப்போதும் முழு லட்சத்துக்கே 12 சதவீதம் போட்டு, 1,12,000-ஐப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 9,333 ரூபாய் என்று சொன்னால், அதைத்தான் 'ஃபிளாட்' வட்டி என்பார்கள். குறைகிற பாக்கிக்கு மட்டும் அதே 12 சதவீதம் போட்டிருந்தால் தவணை 8,885 ரூபாய், வட்டி மொத்தம் 6,600 சொச்சம். ஃபிளாட்டில் 12,000 கட்டுகிறீர்கள். உண்மையான விகிதம் ஏறக்குறைய இருபத்தொன்றரை சதவீதம்.

எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், பர்மாவில் ஒரு கொடுக்கல் வாங்கல் கடையில் அடுத்தாளாக இருந்தவர். சிட்டையில் அன்றன்றைக்கு எழுதி, பேரேட்டில் ஆள் வாரியாக ஏற்றி, வரவு விழுந்த தேதியிலிருந்து வட்டியைக் குறைத்துப் போடுவார்கள் என்று என்னை மடியில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். வரவு வைத்த பணத்துக்கும் வட்டி வாங்குவது அவர் கணக்கில் பிழை.

2024 அக்டோபர் 1 முதல் தரப்படும் சில்லறைக் கடன்களுக்கு, எல்லாக் கட்டணமும் சேர்த்த வருடாந்திர விகிதத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தத் தாளை வாங்கி, 'ஏபிஆர்' என்ற வரியை அப்பாவிடம் காட்டுங்கள். தெரிந்தவரிடம் வாங்குவதானாலும் எழுத்தில் இருக்கட்டும்.

கேள்வி (கோட்டையூர்): பக்கத்து மனையில டவர் வரப்போகுது. தெருவே சேர்ந்து மனு கொடுக்கிறோம். குருவி செத்துப்போகும், புள்ளைங்களுக்குக் கேன்சர் வரும்ன்றாங்க. என் மகன் எல்லாம் புரளின்றான்.

பதில்: டவரிலிருந்து வருவது ரேடியோ அலை. எக்ஸ்ரே மாதிரி அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்க்கிற சக்தி அதற்கு இல்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் இந்த அலைகளைப் 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பிருக்கலாம்' என்ற பிரிவில் வைத்தது உண்மைதான். ஆதாரம் போதாது, ஒதுக்கவும் முடியவில்லை என்பது அந்தப் பிரிவின் பொருள். இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் டவருக்கான வரம்பு, சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கு.

பலர் யோசிக்காத ஒன்றைச் சொல்கிறேன். சிக்னல் மோசமாக இருக்கும் இடத்தில் உங்கள் கைபேசி டவரை எட்டுவதற்காகத் தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும். டவர் எங்கோ இருக்கிறது, போன் காதிலேயே இருக்கிறது. டவர் பக்கத்தில் வந்தால் போனிலிருந்து தலைக்குப் போகும் அலை குறையும். சந்தேகம் தீரவில்லை என்றால், தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் கட்டணம் கட்டி, உங்கள் வீட்டு வாசலிலேயே அளக்கச் சொல்லலாம். மனுவைவிட அந்த எண் பலமாகப் பேசும்.

குருவி குறைந்ததற்கு நம் வீடுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நாட்டு ஓட்டு இடுக்கும் வளவு ஓரமும் அதற்குக் கூடு. முற்றத்தில் நெல் காயப்போட்டோம், சிந்தியதைத் தின்றது. இன்றைக்கு ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டுவிட்டு, அரிசியைப் பையில் வாங்குகிறோம்.

கேள்வி (பள்ளத்தூர்): வீட்டுல பலகாரம் போட்டு விக்கிறேன். ஜிபே வாங்கினா ஜிஎஸ்டி வந்துரும், ஸ்கேன் பண்ற அட்டையைக் கழட்டுன்னு கொழுந்தனார் சொல்றார்.

பதில்: ஆச்சி, அட்டை வரியைக் கொண்டுவராது. ரொக்கமோ ஜிபேயோ, பொருள் விற்றால் கணக்கில் சேர வேண்டியதுதான். யுபிஐ பணம் தடம் விட்டுப் போகிறது, அவ்வளவே வித்தியாசம். 2025 ஜூலையில் பெங்களூர்ச் சிறு கடைக்காரர்களுக்கு அந்தத் தடத்தைப் பார்த்துத்தான் நோட்டீஸ் போனது, கொழுந்தனார் அதைக் கேள்விப்பட்டிருப்பார். பொருள் விற்பவருக்கு வருடம் 40 லட்சம் வரை பதிவு வேண்டாம். தேன்குழலும் சீப்புச் சீடையும் கைமுறுக்கும் போட்டு நீங்கள் அதைத் தாண்டினால் சந்தோஷமாகப் பதிவு செய்யலாம்.

நான் கவலைப்படுவது வேறு இடத்தில். பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் பார்சல் அனுப்புகிறீர்களா? வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்றால் அந்த 40 லட்ச வரம்பு பொருந்தாது, பதிவு தேவைப்படும். ஒரு கணக்காளரை நேரில் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு வையுங்கள். மொய்ப் பணமும் மகள் அனுப்புகிற பணமும் பலகாரப் பணமும் ஒரே கணக்கில் விழுந்தால், நாளைக்கு எது விற்பனை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி (புதுவயல்): இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஆர்ஓ தண்ணி ஊத்தலாமா? ஏசியில சொட்டுறது சுத்தமானதுன்றாரே மாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஆர்ஓ தண்ணீரில் உப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஏசித் தண்ணீர் தூசியையும் உலோகத்தையும் கழுவிக்கொண்டு வருகிறது. குளோரைடு ஈயத்தகட்டை அரிக்கும், இரும்பு கலந்தால் சார்ஜ் தானாக இறங்கும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும், மேல்கோடு வரைக்கும். ஆசிட் ஊற்றவே கூடாது.

கேள்வி (கல்லல்): சீமைக் கருவேலம் காத்துல இருக்கிற ஈரத்தையே குடிச்சுருதாம், அதான் மழை இல்லையாம். அடியோட வெட்டணும்னு ஊர்க்கூட்டத்துல ஒரு கட்சி. கரி மூட்டம் போடுறவங்க பாவம்னு இன்னொரு கட்சி.

பதில்: காற்றின் ஈரத்தைக் குடித்து மழையை நிறுத்துகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்திலிருந்து வந்த மரம் இது. வேர் மிக ஆழமாகப் போய் நிலத்தடி நீரை எடுக்கும், கீழே வேறு செடியை எளிதில் வளரவிடாது, கண்மாய்க்குள் முளைத்தால் தண்ணீர் நிற்கிற இடத்தை அடைக்கும். வெட்ட இந்தக் காரணங்களே போதும். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னதும் எங்கு பார்த்தாலும் ஜேசிபி ஓடியது நினைவிருக்கும். அடிமரத்தோடு வெட்டிவிட்டுப் போன இடமெல்லாம் மறுபடி துளிர்த்தது. வேரோடு தோண்ட வேண்டும். தோண்டிய இடத்தைச் சும்மா விட்டாலும், ஆடு நெற்றைத் தின்று புழுக்கையில் விதையைக் கொண்டுவந்து போட்டுவிடும்.

என் யோசனை: ஊரணி, கண்மாய், வரத்துக்கால், இந்த மூன்றையும் முதலில் சுத்தம் செய்யுங்கள். அங்கே வெட்டுகிற மரம் கரி போடுகிறவர்களுக்கே போகட்டும். தனியார் கரட்டு நிலத்தில் இருப்பதை அப்புறம் பார்க்கலாம். செட்டிநாட்டு ஊர்களில் வீட்டு முற்றத்து மழைநீர் தெருக்கால் வழியாக ஊரணிக்குப் போகிற மாதிரி கட்டியிருக்கிறார்கள். அந்தக் கால் அடைபட்டிருந்தால் எந்த மரத்தை வெட்டியும் ஊரணி நிறையாது.

கேள்வி (கானாடுகாத்தான்): எங்க பூர்வீக வீட்டுல கீழ்ச்சுவர் ஒரு ஆள் உயரத்துக்குப் பொரிஞ்சு கொட்டுது. சிமெண்ட் வச்சுப் பூசிட்டா அம்பது வருசம் நிக்கும்ன்றார் கொத்தனார். சுண்ணாம்புதான் வேணும்னு சித்தப்பா சண்டை போடுறார். அஞ்சு பங்காளி, ஆளுக்கொரு பேச்சு.

பதில்: சித்தப்பா பக்கம் நான். இது என் தொழிலோடு ஒட்டிய விஷயம், கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். தரையிலிருந்து ஈரம் திரி எண்ணெயை இழுப்பது போல மேலே ஏறும், உப்பையும் கரைத்துக்கொண்டு வரும். சுண்ணாம்புப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, ஈரம் அதன் வழியே காய்ந்து வெளியே போய்விடும். சிமெண்ட் பூசினால் அந்த வழி ஏறக்குறைய அடைபடும். ஈரம் நிற்காது, இன்னும் இரண்டடி மேலே ஏறி அங்கே கொட்ட ஆரம்பிக்கும். உள்ளே தங்கிய உப்பு படிகமாகிப் பூச்சைப் பின்னாலிருந்து தள்ளும். சிமெண்ட் அந்தப் பழைய செங்கல்லைவிடக் கடினம், பெயரும்போது செங்கல் முகத்தையும் பிடுங்கிக்கொண்டு வரும். கொத்தனார் பொய் சொல்லவில்லை, அவர் கட்டுகிற புது வீட்டுக்குச் சிமெண்ட் சரி.

இன்று ராத்திரி ஒரு காரியம் செய்யுங்கள். ஓர் அடிக்கு ஓர் அடி பிளாஸ்டிக் தாளை, கொட்டாத இடத்தில், நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். காலையில் பாருங்கள். சுவர்ப் பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கட்டியிருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் கட்டியிருந்தால் காற்றின் ஈரம். பங்காளிகள் ஐந்து பேரையும் காலையில் கூப்பிட்டு நிறுத்திக் காட்டுங்கள்.

உள்ளிருந்துதான் என்றால், வெளிச்சுவர் ஓரம் தேங்குகிற தண்ணீருக்கு முதலில் வழி பண்ணுங்கள். பொரிந்த பூச்சைச் சுரண்டி, உப்பைத் துடைத்து, நன்றாகக் காய விட்டு, நீற்றிப் புளிக்கவைத்த சுண்ணாம்பால் பூசச் சொல்லுங்கள். அவசரம் கூடாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்லக் கல்லாகிறது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த அந்தப் பளபளப்பு மேற்பூச்சு தெரிந்த கைகள் இன்னும் நம் பக்கத்தில் இருக்கின்றன. 2014-இல் யுனெஸ்கோ உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. பட்டியல் வரட்டும் என்று சுவர் காத்திருக்காது. இந்த ஐப்பசி மழைக்கு முன்னால் தொடங்குங்கள்.

கேள்வி (ஆத்தங்குடி பக்கம்): பேரன் பள்ளிக்கூடத்துக்கு, தரையில பதிக்கிற ஆத்தங்குடிக் கல் பத்தி எழுதணும். கம்ப்யூட்டர்ல ஏஐ கிட்ட கேட்டான், 'சூளையில் சுட்டுச் செய்வது'ன்னு வந்துச்சு. நான் இல்லேன்னேன். அது தப்பா சொல்லுமா தாத்தான்னு கேக்குறான்.

பதில்: சொல்லும், ஐயா. வார்த்தைக்கு அடுத்து எந்த வார்த்தை வரும் என்று படித்துப் பழகிய இயந்திரம் அது. உலகத்தில் ஓடு என்றால் பெரும்பாலும் சூளைதான், அதனால் அதையே எழுதிவிட்டது. அது ஆத்தங்குடிக்கு வந்ததில்லை, உங்கள் பேரனுக்கு அது நடந்து போகிற தூரம்.

கூட்டிக்கொண்டு போங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, உள்ளே பூ அச்சு வைத்து, கரண்டியால் வண்ணச் சிமெண்ட் கலவையை ஒவ்வொரு கட்டமாக ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிய பிறகும் வண்ணம் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும். மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவை போட்டு மட்டம் தட்டுவார்கள். அப்புறம் காயவிட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார்கள். நெருப்பே கிடையாது. கண்ணாடி கழன்று வரும்போது கல்லின் முகத்தில் இருக்கும் வழவழப்பு அந்தக் கண்ணாடியுடையது. அதைப் பேரனை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டுரையை அங்கேயே உட்கார்ந்து எழுதட்டும்.